மடிக்கணினியை எங்கே திறப்பது? வன்னிக்கான வேலையிடச் செயலி: ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சியில் பொது நூலகம் எங்கே என்று கேட்டால் எந்த ஓட்டோக்காரரும் சொல்லிவிடுவார். அங்கே இப்போது கரண்ட் இருக்கிறதா, மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரை காலியா, லப்டொப்பைச் செருக பிளக் பொயின்ட் கிடைக்குமா, போனில் கதைத்தால் யாராவது முறைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பார். விசுவமடுவில் இருந்தோ தருமபுரத்தில் இருந்தோ பஸ் ஏறி வருகிறவருக்கு அந்தப் ‘போய்ப் பார்ப்பது’ அரை நாளைத் தின்றுவிடும். கீழே எழுதியிருக்கிற வடிவமைப்பு முடிவுகளில் பெரும்பாலானவை அந்த அரை நாளை மிச்சம் பிடிக்க எடுத்தவை.

கோரிக்கை

எங்கள் வடிவமைப்புக் குழுவிடம் வந்த கோரிக்கை ஒரு வரிதான். இணைய வழியில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வெளியே இருந்து வேலை பார்க்கக்கூடிய பொது இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு மொபைல் செயலி வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களும் மன்னாரின் பெருநிலப் பகுதியும் அதன் எல்லை.

பெருநகரங்களுக்கு இப்படியான செயலிகள் முன்பே உண்டு. முகப்பில் வரைபடம், அதில் புள்ளிகள், மேலே வடிகட்டிகள், ஒவ்வொரு இடத்துக்கும் நட்சத்திர மதிப்பீடு என்று எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. நூறு கோப்பிக் கடைகளில் எதைத் தெரிவது என்று திணறுகிறவருக்கு அது சரி. வன்னியில் ஒரு பிரதேச சபைப் பிரிவுக்குள் இருந்து வேலை செய்யக்கூடிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரில் எல்லோருக்கும் அவை தெரியும். தெரியாமல் இருப்பது அந்த இடத்தின் இன்றைய நிலவரம். முதல் உரையாடல்களிலேயே மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒரு பெண் இதைச் சொல்லிவிட்டார்: “அண்ணை, இடம் எங்க எண்டு எனக்குத் தெரியும். போனால் கரண்ட் இருக்குமோ எண்டுதான் தெரியாது.”

ஆகவே இடம் தேடுவதைப் பின்னுக்குத் தள்ளி, நேரத்தையும் நிலவரத்தையும் முன்னுக்கு எடுத்தோம். கோரிக்கையைத் தந்தவர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. வரைபடம் இல்லாத இடச் செயலியா என்று கேட்டார்கள்.

யார், ஏன் வீட்டில் இல்லை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகி, பம்பைமடுவில் இயங்குகிறது. அங்கே படித்து முடித்தவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்குப் போகாமல் ஊரிலேயே இருந்து மென்பொருள் சோதனை, கிராபிக் வடிவமைப்பு, தரவுப் பதிவு, கணக்கு வேலைகள் செய்கிறார்கள். பட்டம் இல்லாமல் காணொளிக்கு வசன வரி எழுதுகிறவர்களும், புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழும் சங்கீதமும் சொல்லிக் கொடுக்கிற ரீச்சர்மாரும் உண்டு. வேலை தருகிறவர் பெரும்பாலும் லண்டன், டொரொண்டோ, மெல்பேர்ண் பக்கம்.

வீட்டில் இருந்து செய்ய முடியாதா? முடியும், பாதி நாள். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அதற்குள் பெற்றோர், சகோதரங்கள், சில வீடுகளில் ஒரு தையல் மெசின். தகரம் போட்ட பத்தியில் இருந்தால் மத்தியானத்தில் வேகும். மாரியில் மழை விழுகிற சத்தத்தில் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. பல வீடுகளில் கவரேஜ் முற்றத்தில் நன்றாகவும் அறைக்குள் மோசமாகவும் கிடைக்கிறது. முற்றத்து மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு லண்டன்காரரோடு கதைக்கலாம்தான். சேவல் கூவுகிற வரைக்கும்.

பாவனையாளர் சித்திரங்கள் என்று அழகான அட்டைகள் செய்வது எங்கள் தொழிலில் வழக்கம். வயது, பொழுதுபோக்கு, புன்னகைக்கிற படம் எல்லாம் அதில் இருக்கும். இந்த வேலையில் அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டு எழுதினோம்: எந்த நாட்டு மணிக்கு வேலை செய்கிறீர்கள், திரும்பிப் போவது எப்படி, வேலையில் வாய் திறந்து கதைக்க வேண்டிய பங்கு எவ்வளவு. வடிவமைப்பைத் தீர்மானித்தவை இந்த மூன்றும்தான்.

மணிக்கூடு

லண்டனில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பின்னேரம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்களுடைய வேலை நாள் முடியும்போது இங்கே இரவு 9.30 அல்லது 10.30. டொரொண்டோவில் 9 மணிக்குக் கந்தோர் திறக்கும்போது இங்கே மாலை 6.30, நவம்பர் முதல் மார்ச் வரை 7.30. மெல்பேர்ண் எதிர்ப்பக்கம்: அவர்களுடைய 9 மணி நமக்கு விடிகாலை 4.30, அவர்களுடைய கோடையில் 3.30. இலங்கையில் மணிக்கூட்டை முன்பின் நகர்த்துவது இல்லை, அங்கே நகர்த்துகிறார்கள். அதுவும் ஒரே நாளில் இல்லை. கனடா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாற்றுகிறது, பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளில் இரண்டு நாட்டுக்கும் வேலை செய்கிற ஒருவரின் தலை சுற்றும்.

இதோடு நம் பொது இடங்களின் நேரத்தைப் பொருத்திப் பாருங்கள். நூலகங்கள் பகலில் திறந்து பின்னேரம் மூடுகின்றன. அரச விடுமுறை நாளில் மூடியிருக்கும். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் மாதா மாதம் வரும், வெளிநாட்டுக்காரருக்கு அது வேலை நாள். லண்டனுக்கு வேலை செய்கிறவருக்கு நூலகம் பாதி வழியில் கைவிடுகிறது. டொரொண்டோக்காரரின் ஆளுக்கு அது பயனே இல்லை. மெல்பேர்ணுக்கு வேலை செய்கிறவருக்குக் கடைசி இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மட்டும் உதவும்.

செயலியில் முதல் தடவை கேட்கிற ஒரே கேள்வி ‘உங்கள் வேலை எந்த ஊர் மணிக்கு?’ என்பது. பதிலை வைத்து ஒவ்வொரு இடத்தின் திறந்திருக்கும் நேரத்துக்கும் மேலே அந்த ஊரின் வேலை நேரம் ஒரு நிழற்பட்டையாக விழும். இரண்டும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகிறதோ அந்த வரிசையில் இடங்கள் வரும். தூர வரிசை அதற்குப் பிறகுதான். போயா தினங்களும் தைப்பொங்கல், புத்தாண்டு போன்ற விடுமுறைகளும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். உள்ளூர்க் கோயில் திருவிழாவை மட்டும் யாராவது சேர்க்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் அன்று முல்லைத்தீவுப் பக்கம் வேலையிடம் தேடுகிறவருக்கு செயலி என்ன சொன்னாலும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.

என்னென்ன இடங்கள்

பட்டியல் எடுக்கப் போனபோது நூலகமும் உணவுக்கடையும் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்றுதான் பலரும் சொன்னார்கள். இருந்தது.

சனசமூக நிலையம் ஊருக்கு ஊர் உண்டு. பத்திரிகை வாசிக்க மேசை, வாங்கு இருக்கும். பின்னேரத்தில் கரம் விளையாட்டும் இருக்கும். பொதுநோக்கு மண்டபங்கள் போருக்குப் பிந்திய மீள்குடியேற்றக் காலத்தில் ஏராளமாகக் கட்டப்பட்டவை. கூட்டம், தடுப்பூசி, நிவாரணம் என்று ஏதாவது நடக்கிற நாளைத் தவிர மற்ற நாள் பூட்டித்தான் கிடக்கும். திறப்பு யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். அந்த ‘யாரோ ஒருவர்’ என்பதுதான் மண்டபத்தின் உண்மையான முகவரி.

எங்களுக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ரியூசன் கொட்டில்கள். பாடசாலை காலை 7.30இல் இருந்து 1.30 வரை. அந்த நேரம் முழுக்கத் தனியார் கல்வி நிலையங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. மேசை உண்டு, வாங்கு உண்டு, பல இடங்களில் மின்விசிறியும் உண்டு. இரண்டு மணிக்குப் பிறகும் சனி ஞாயிறும் கிட்டப் போக முடியாது. மெல்பேர்ணுக்கு வேலை செய்கிறவருக்கு இது அளந்து தைத்த சட்டை மாதிரி. லண்டன்காரரின் ஆளுக்கு அவ்வளவு பொருந்தாது, ஆனால் தனியே இருந்து செய்கிற வேலையை மதியத்துக்கு முன் அங்கே முடித்துவிட்டு, கதைக்கிற வேலைக்கு வேறு இடம் போகலாம். ஒரே இடத்தில் நாள் முழுக்க இருப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, நாளை இரண்டாகப் பிரித்து இரண்டு இடங்களைச் சேர்த்துக் காட்டுகிற திரை அங்கிருந்து வந்தது.

வெதுப்பகங்களும் கூல்பார்களும் இரவு வரை திறந்திருக்கும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தேத்தண்ணியோடு மேசையைப் பிடித்து வைத்திருப்பதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார். விரும்பவும் தேவையில்லை. கொமினிக்கேசன் கடைகளில் இணையம் நன்றாக இருக்கும், கதிரைதான் ஒன்றோ இரண்டோ.

தகவல் பழசாகும் வேகம்

இந்த வடிவமைப்பின் முதுகெலும்பு இதுதான். ஓர் இடத்தைப் பற்றிய தகவல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. பிளக் பொயின்ட் எத்தனை, வட்ட ஊசியா சதுர 13 அம்பியரா என்பது ஒரு தடவை எழுதினால் மாதக்கணக்கில் நிற்கும். (இரண்டு வகையும் நம் கட்டடங்களில் கலந்து கிடக்கின்றன, பிளக் மாற்றி ஒன்றைப் பையில் போடாமல் போகாதீர்கள் என்பதைச் செயலியே நினைவுபடுத்தும்.) திறக்கும் நேரம் கிழமைக்கணக்கில் நிற்கும். இணைய வேகம் நாளின் எந்த நேரம் என்பதைப் பொறுத்தது; பாடசாலை விட்டு எல்லோரும் போனைத் தூக்கியதும் விழும். கரண்ட் இருக்கிறதா என்பதற்கு ஒரு மணித்தியாலம் கூட ஆயுள் இல்லை.

ஆகவே ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனி ஆயுள் வைத்தோம். கரண்ட் பற்றிய பதில் எழுதியதும் கரும்பச்சையில் இருக்கும், நேரம் போகப் போக வெளிறும், கடைசியில் ‘தெரியாது’ என்று மாறும். பழைய தகவலைப் புதுசு மாதிரிக் காட்டுவதைவிட ‘தெரியாது’ என்பது மேல். வெளிறுவதை நிறத்தால் மட்டும் சொல்லாமல் ‘40 நிமிடத்துக்கு முன் இருந்தது’ என்று எழுத்திலும் சொல்கிறோம். வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கும் நிறக்குருடு உள்ளவருக்கும் நிற வேறுபாடு தெரியாது.

கரண்ட் விஷயத்தில் நம் சனத்துக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சி உண்டு. 2022இல் நாட்டை ஆங்கில எழுத்து வலயங்களாகப் பிரித்து மின்வெட்டு அட்டவணை வந்தபோது, தன் வலய எழுத்தைத் தேடி நாளைத் திட்டமிட வீட்டுக்கு வீடு பழகிவிட்டார்கள். அந்த மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால வெட்டு அறிவிக்கப்பட்டதை யார் மறப்பார்கள். இப்போது அப்படி இல்லை. ஆனால் பராமரிப்புக்காக முன்னறிவித்து மின்சாரத்தை நிறுத்துகிற நாள்கள் உண்டு, வடகீழ்ப் பருவமழையில் மரம் முறிந்து நிற்கிற நாள்கள் உண்டு. முன்னறிவித்தல் வந்த நாளை அட்டவணையாகவே காட்டுகிறோம், 2022இல் கண் பழகிய அதே கட்டம் போட்ட வடிவில். யாருக்கும் விளக்க வேண்டி வரவில்லை.

இன்னொன்று. கரண்ட் போனால் அடுத்ததாக இணையம் போகும், ஆனால் உடனே இல்லை. வைஃபை ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிற இடத்தில் இணைப்பு தொடரும். தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரி இறங்கும் வரை போன் டேட்டா இருக்கும்; வெட்டு நீண்டால் அதுவும் படுத்துவிடும். ‘கரண்ட் போனால் இங்கே எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்?’ என்ற ஒரு வரி, சோதனைக்கு வந்தவர்கள் அதிகம் தொட்டுப் பார்த்த வரிகளில் ஒன்று.

வேகத்தை இலக்கத்தில் சொல்லவில்லை. முழு வேகச் சோதனை ஒன்று ஓட்டினால் டேட்டா பக்கேஜில் ஒரு துண்டு போய்விடும். யாரும் இரண்டாம் தடவை செய்யமாட்டார்கள். சிறிய கோப்பு ஒன்றை மேலே அனுப்பி நேரம் பார்க்கிறோம். மேலே அனுப்புவதைத்தான், ஏனென்றால் கூட்டங்களில் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் ஏற்றும் வேகத்தால். ஸூம் தன் தேவைகளாகச் சொல்வது, குரலுக்கு மட்டும் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிற், இருவர் முகம் பார்த்துக் கதைக்க 600 கிலோபிற், தெளிவான 720 கோட்டுக் காணொளிக்கு 1.2 மெகாபிற். இந்த மூன்றையும் எல்லையாக வைத்து, ‘குரலுக்குக் காணும்’, ‘முகம் காட்டலாம்’, ‘தெளிவாக முகம் காட்டலாம்’ என்று மூன்று சொற்றொடர்களாக்கினோம்.

திறப்பு வைத்திருப்பவர்

பாவனையாளர் என்றால் லப்டொப்போடு வருகிறவர் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் இந்தச் செயலி ஒரு மாதமும் தாங்காது. நூலகர், மண்டபத் திறப்பை வைத்திருக்கும் அம்மா, வெதுப்பக முதலாளி, ரியூசன் சேர் ஆகிய எல்லோரும் இதன் மறுபக்கம்.

நூலகருக்கு இருந்த கவலைகள் நியாயமானவை. மின் கட்டணத்தைச் சபை கட்டுகிறது; பத்துப் பேர் வந்து லப்டொப் செருகினால் தன்னைக் கேட்பார்கள். பையை வாசலில் வைத்துவிட்டு வருவது நூலக விதி. லப்டொப்பை எப்படி வாசலில் வைப்பது? வாசிப்பறையில் கதைக்கக் கூடாது. ஒருவரை விட்டால் எல்லோரையும் விட வேண்டும். நூலகங்களும் பல மண்டபங்களும் உள்ளூராட்சிச் சபையின் கீழ் வருவதால் எதற்கும் சபையின் எழுத்து அனுமதி வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் அதிகாரிகளின் பொறுப்பில் அவை நடந்தன. தவிசாளர் இல்லாத காலத்தில் புதிதாக ஒன்றுக்குக் கையெழுத்து வைக்க எந்தச் செயலாளரும் தயங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

செயலியில் இதற்குச் செய்தது: எந்த இடமும் அதன் பொறுப்பாளர் ஆம் என்று சொல்லாமல் பட்டியலில் ஏறாது. ஏறிய பிறகும் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவரிடம். அதற்கு அவர் செயலி வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட இலக்கத்துக்கு மிஸ்ட் கோல் அடித்தால் இடம் அன்றைக்கு மூடியதாகக் காட்டும், மறுபடி அடித்தால் திறந்ததாகக் காட்டும். மிஸ்ட் கோலில் சேதி சொல்வது நம் ஊரில் எழுதப்படாத தந்தி முறை. திறப்பு வைத்திருந்த அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. கடைகளுக்கு ஒரு வரி கூடுதலாக உண்டு: ‘12 முதல் 2 வரை மேசை தர ஏலாது’, ‘ஒரு மணித்தியாலத்துக்கு ஏதாவது ஒன்று வாங்க வேண்டும்’ போன்றவற்றை முதலாளியின் வாயால் சொன்னபடியே எழுதுகிறோம். வாசிக்கிறவருக்கும் கூச்சம் இல்லை, முதலாளிக்கும் இல்லை.

நட்சத்திர மதிப்பீட்டை அடியோடு எடுத்துவிட்டோம். எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஊரில் நூலகத்துக்கு இரண்டு நட்சத்திரம் போடுவது நூலகருக்குப் போடுவது. அடுத்த நாள் கோயிலில் முகம் பார்க்க வேண்டும். பதிலாக, குறை என்றால் இடத்தின் எந்தப் பொருளில் என்று மட்டும் குறிக்கலாம்: மின்விசிறி ஓடவில்லை, மலசலகூடம் பூட்டு, கதிரை உடைவு. அது பொதுவில் வராது, பொறுப்பாளருக்கு மட்டும் போகும்.

வீட்டுக்குத் திரும்புதல்

பெண்களோடு கதைத்தபோது இடத்தைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்விகளுக்குச் சுருக்கமாகவும், இடத்துக்கு வெளியே உள்ளவற்றைப் பற்றி நீளமாகவும் பதில் வந்தது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தரிப்பிடம் வரை வீதி விளக்கு எரிகிறதா, மலசலகூடத்துக்குத் திறப்பு யாரிடம் கேட்க வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து வருகிற ஒருவர், இருட்டிய பிறகு மாங்குளம் வீதியில் யானை நிற்கும் என்பதால் தன் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

கடைசி பஸ் நேரம் இப்போது இடத்தின் திறக்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இடம் இரவு 9 மணி வரை திறந்திருந்தாலும், நீங்கள் குறித்த ஊருக்குக் கடைசி பஸ் அதற்கு முன் போய்விடும் என்றால் பட்டை அந்த நேரத்திலேயே முடியும். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் இதை நிறுத்திவிடலாம்.

இன்னொரு கேள்வி எளிதில் தீரவில்லை. வேறு பெண்கள் அங்கே இருக்கிறார்களா என்று தெரிந்தால் துணிந்து போகலாம் என்று பலர் சொன்னார்கள். அதே ஆட்கள், தாங்கள் அங்கே இருப்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்றும் சொன்னார்கள். இரண்டும் நியாயம். நேரடி எண்ணிக்கை காட்டினால் இரண்டாவது உடைகிறது. அதனால் நடப்பு நிலவரமாகக் காட்டாமல், கடந்த சில கிழமைகளில் விரும்பிச் சொன்னவர்களின் பதில்களைச் சேர்த்து ‘பெண்கள் வழமையாக வந்து இருக்கும் இடம்’ என்ற ஒரு குறிப்பை மட்டும் வைத்தோம். ஒரு சிலரின் பதிலில் அது தோன்றாது. முழுமையான தீர்வு என்று சொல்லமாட்டேன்.

கணக்குத் திறத்தல், பெயர், தொலைபேசி இலக்கம் எதுவும் கேட்பதில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று படிவம் நிரப்பியே களைத்த சனம் இது. எங்கே இருந்தாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்ற கேள்விகளுக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் தரவு சேர்க்க வேண்டாம் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் இதைத்தான் செய்திருப்போம். ஜீபிஎஸ் இயல்பில் அணைந்திருக்கும். இடத்தில் இருந்து நிலவரம் எழுதுகிறவர் உண்மையில் அங்கே இருக்கிறாரா என்பதை, மேசையில் ஒட்டிய ஒரு கியூஆர் தாளை ஸ்கேன் செய்வதால் அறிகிறோம். எரிபொருள் வரிசையில் கியூஆர் காட்டிப் பழகிய கைகளுக்கு அது புதுசில்லை.

வரைபடமா, பட்டியலா

இரண்டு மாதிரிகளைப் பக்கம் பக்கமாகச் சோதித்தோம். ஒன்றில் முகப்பு வரைபடம். மற்றதில் மூன்று கேள்விகள்: எப்போது, எவ்வளவு நேரம், கதைக்க வேண்டுமா. கொடுத்த பணி ஒன்றே: “நாளைக்குப் பின்னேரம் 3 மணிக்கு லண்டன்காரரோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். எங்கே போவீர்கள்?”

வரைபடத்தைப் பெற்றவர்கள் முதலில் தங்கள் வீட்டைத் தேடினார்கள். பிறகு சொந்தக்காரர் வீட்டை, பிறகு குளத்தை. இரணைமடுவைப் பெரிதாக்கி வான்கதவு தெரிகிறதா என்று பார்த்தவர்களும் உண்டு. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள், பணி மட்டும் முடியவில்லை. கேள்விகளைப் பெற்றவர்கள் சட்டென்று ஓர் இடத்தைச் சொன்னார்கள். வரைபடம் இப்போது ஓர் இடத்தைத் திறந்த பிறகு உள்ளே வருகிறது, வழி பார்க்க மட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச வரைபடத்தின் தரவைப் போனிலேயே இறக்கி வைப்பதால் கவரேஜ் இல்லாத இடத்திலும் திறக்கும்.

வழி சொல்வதிலும் வீட்டு இலக்கம் உதவாது. ‘155ஆம் கட்டை’, ‘டிப்போச் சந்தி’, ‘கரடிப்போக்குச் சந்தி’ என்றுதான் இங்கே முகவரி நடக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் எந்தச் சந்தியில் இருந்து எந்தப் பக்கம் என்ற ஒரு வரி கட்டாயம். தேடற்பெட்டி தமிழ் எழுத்தையும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழையும், அதன் எல்லாவித எழுத்துப்பிழைகளையும் ஏற்க வேண்டும். கிளிநொச்சியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டே பட்டியல் போட்டோம்.

திரையில் தமிழ் எழுத்துக்கும் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்கு அமைந்த வரி உயரத்தில் ‘கீ’ போன்ற எழுத்தின் மேல் சுழியும் ‘கூ’வின் அடியும் வெட்டுப்படும். வரி உயரத்தைக் கூட்டினால் ஒரு திரையில் ஐந்து இடங்கள் காட்டியது மூன்றாகிறது. மூன்றே போதும் என்று விட்டோம். ஐந்து நல்ல இடங்கள் இருக்கிற ஊர் எங்கே? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாட்டு விகிதம் வழக்கமாக 4.5:1 இருந்தால் தேறிவிடும். பரந்தன் சந்தியில் மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நின்று வாசிக்க அது காணாது, 7:1 வைத்தோம்.

சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று பாவனை எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதியதை எங்கள் தொழிலில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வேறு வேறு விதமான பாவனையாளர்கள் என்றால் ஒவ்வொரு விதத்துக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அதே கட்டுரையில் இருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கிளிநொச்சி நகரத்துப் பொறியியல் பட்டதாரியும் முள்ளியவளையில் இருந்து சங்கீதம் சொல்லிக் கொடுக்கிற ரீச்சரும் ஒரு விதம் இல்லை. ரீச்சருக்கு முதலில் வேண்டியது பிளக் பொயின்ட் இல்லை, பாடினால் யாரும் வந்து எட்டிப் பார்க்காத அறை. ‘கதைக்க வேண்டுமா’ என்ற கேள்விக்கு ‘பாட வேண்டும்’ என்ற மூன்றாவது பதில் அவரால் சேர்ந்தது. கொழும்பில் இருந்து பார்த்த நண்பர் ஒருவர் இதைப் பகிடி என்று நினைத்தார்.

இப்போதைய நிலை

முன்பதிவு வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். வைக்கவில்லை. இரண்டு கதிரை இருக்கிற சனசமூக நிலையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வராமல் போனால், பத்திரிகை வாசிக்க வந்த ஐயாவை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அந்த மேசை முதலில் அவருக்கானது. கட்டணம் செலுத்தும் வசதியையும் இந்தக் காரணத்தாலேயே தள்ளி வைத்தோம். காசு வாங்கத் தொடங்கினால் பொது மண்டபம் வாடகை மண்டபமாகிவிடும் என்று ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எச்சரித்தார்கள்.

சோதனைப் பதிப்பு கரைச்சிப் பிரிவிலும் வவுனியா நகரிலும் ஓடுகிறது. செலவில் பெரியது செயலி இல்லை. நிலவரத்தை யார் எழுதுவது என்பதுதான். இப்போது வருகிறவர்களே எழுதுகிறார்கள். ஆட்கள் குறைந்த இடத்தில் ‘தெரியாது’ என்பதே அதிக நேரம் நிற்கிறது. ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம் போனதும் தானாகச் சேதி அனுப்பும் ஒரு சிறு கருவியை வைக்கலாமா என்று பார்க்கிறோம். விலை குறைவு, ஆனால் அரச கட்டடச் சுவரில் எதைப் பொருத்தவும் மறுபடி ஒரு கடிதம் வேண்டும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கம் இன்னும் வெறுமை. வேறு வரைபடங்களில் இருந்து பெயர்களை அள்ளிப் போட்டு நிரப்பியிருக்கலாம். பொறுப்பாளரிடம் கேட்காமல் ஏற்றுவதில்லை என்ற விதி அங்கேயும் உண்டு. அந்தப் பக்கத்திலேயே இருக்கிற ஒருவர் பட்டியல் எடுக்க முன்வரும் வரை, அங்கே மல்லாவி போன்ற ஊரில் தேடுகிறவருக்கு அருகில் தகவல் இல்லை என்றும், கிட்டிய இடமும் அதற்கான கடைசி பஸ்ஸும் இவை என்றும் காட்டுகிறது.